வெற்றிடம் என்கிற மேடு

கண்ணுகளா, அந்தக் கோடை விடுமுறையில் உங்கள் இரண்டு பேரையும் ஆட்டையாம்பட்டி அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டபோது, வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று சொன்னேன். நீங்கள் திரும்பி வந்தபோது சுவரெல்லாம் பழைய நிறத்திலேயே இருந்தது. சின்னவன் சுவரைத் தடவிப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை. சின்னவள் போன வாரம் கேட்டேவிட்டாள். "அப்பா, அந்த லீவுல அக்காவுக்கு என்னாச்சு?"

பதில் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். வண்டி ஓட்டுகிற கை. எழுதுவதற்கு நேரமாகும்தான். ஆனால் வாயால் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நின்றுவிடுவேன் என்று தெரியும். அதனால்தான் எழுதி வைக்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். அக்கா ஊரில் இல்லாதபோது படியுங்கள்.

அதற்கு முந்தின பொங்கலுக்கு அவள் ஆராய்ச்சி படிக்கிற ஊரிலிருந்து வந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வாசலில் வாளி நிறையச் சோப்புத் தண்ணீர் வைத்துத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நீங்கள் நுரையை அள்ளி ஊதி விளையாடினீர்கள். அவள் ஒரு கை நுரையை அள்ளி உங்களிடம் காட்டினாள்.

"இதை நல்லாப் பாருங்க. உலகம் மொத்தமும் இப்படித்தான் இருக்குது. நுரையோட தோலு இருக்குதில்ல, அதுலதான் நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒட்டிக்கிட்டு இருக்குது. குமிழிக்குள்ள ஒண்ணும் கெடையாது. வெத்திடம்."

"எவ்வளவு பெருசு?" என்று கேட்டான் சின்னவன்.

"ஒரு குமிழியத் தாண்டறதுக்கு வெளிச்சத்துக்கே பல கோடி வருசம் ஆகும்."

பிறகு அந்தப் பழைய வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாள். ஆதியில் எல்லா இடமும் உலை மாதிரி தகதகவென்று இருந்ததாம். அப்போது கிளம்பிய வெளிச்சம் எல்லாத் திசையிலிருந்தும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறதாம். வழியிலேயே ஆறிப்போய், கண்ணுக்குத் தெரியாத மைக்ரோவேவாக ஆகிவிட்டதாம். "நம்ம ஊட்டுக்குள்ளயும் வருதா அக்கா?" என்று சின்னவள் கேட்டாள். "வருது. இப்ப உம்மூக்கு மேலயும் வந்து உக்காந்துக்கிட்டு இருக்குது" என்றாள் அக்கா. சின்னவள் நுரைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

அவளுடைய ஆராய்ச்சி அந்தக் குமிழிகளைப் பற்றித்தான். பழைய வெளிச்சம் ஒரு பெரிய வெற்றிடத்தைத் தாண்டி வந்தால் துளியூண்டு கூடுதலாகக் குளிர்ந்துபோய் வரும். அந்தக் குளிரின் தடம் வானத்துப் படத்தில் விழும். ஆனால் அது லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. ஒரு வெற்றிடத்தை மட்டும் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் நூற்றுக்கணக்கான வெற்றிடங்கள் இருக்கும் இடங்களின் படங்களை எடுத்து, நடுவுக்கு நடு பொருத்தி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவார்கள். "ஒருத்தரு முணுமுணுத்தாக் கேக்காதுங்கப்பா. கோயில் கூட்டம் மொத்தமும் ஒரே பேரை முணுமுணுத்தாக் கேக்குமில்ல?" என்று எனக்கு விளக்கினாள். அவள் அடுக்கியபோது நடுவில் குளிர் வட்டம் தெரிந்திருக்கிறது. கணக்கு சொல்வதைவிட அதிகக் குளிர். அது நிஜமாக இருந்தால், உலகம் எப்படி விரிகிறது என்று இதுவரை எழுதி வைத்ததையே திருத்த வேண்டியிருக்குமாம். இதைச் சொன்னபோது, பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த அன்று இருந்த முகம் திரும்ப வந்திருந்தது.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து வாசலில் நின்றாள். "என்ன சாமி, லீவா?" என்றேன். தலையை ஆட்டினாள். லீவு என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. அதுதான் கடைசி. அதற்குப் பிறகு தலையைக்கூட ஆட்டவில்லை.

நடந்ததை அவளுடைய விடுதித் தோழிதான் போனில் சொன்னாள். அக்கா தன் கண்டுபிடிப்பைத் தானே சோதித்துப் பார்த்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் பொய்யான வானங்களை உருவாக்கி, வெற்றிடமே இல்லாத இடங்களிலும் அதே மாதிரி அடுக்கியிருக்கிறாள். அங்கேயும் அதே மாதிரி குளிர் வட்டம் வந்திருக்கிறது. ஒரு தடவை இல்லை, அடிக்கடி. வட்டத்தைச் சின்னதாகவும் பெரிதாகவும் பல அளவில் போட்டுப் பார்த்து, எதில் குளிர் அதிகமாகத் தெரிந்ததோ அந்த அளவையே முதலில் அவள் எடுத்திருந்தாளாம். வேண்டுமென்று செய்ததில்லை. தேடுகிற கண் அப்படித்தான் எடுக்கும். ஆனால் அப்படித் தேடினால் எங்கே வேண்டுமானாலும் ஒரு குளிர் கிடைக்கும். அவள் பேசுவதற்கென்று ஏற்பாடு செய்த கூட்டத்தில், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று, "நான் பார்த்தது அங்கே இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"அங்கிள், இது பெரிய விஷயம். யாரும் இப்படித் தானே முன்வந்து சொல்ல மாட்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

நான் என்ன செய்ய? பெரிய விஷயம்தான். என் வீட்டில் ஒருத்தி மூன்று வேளையும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே.

குளியலறைக்குள் போவாள். குழாயைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்துவிடுவாள். கதவுக்கு இந்தப் பக்கம் உங்கள் அம்மா உட்கார்ந்திருப்பாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். ஒரு நாள் உங்கள் அம்மா என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, அந்தத் தாழ்ப்பாளக் கழட்டிப்போடுங்க" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. ஸ்குரூடிரைவர் எடுத்து வந்தேன். ஒரு திருகாணியின் தலை வழுக்கிப்போய், சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க முடிந்தது. சின்னவன் வந்து, "எதுக்கப்பா தாழ்ப்பாள எடுக்கறீங்க?" என்று கேட்டான். அன்று சாயங்காலமே உங்களை ஆட்டையாம்பட்டிக்குக் கூட்டிப் போனேன். வெள்ளையடிப்பு என்ற பொய் பிறந்தது அந்தப் பஸ்ஸில்தான்.

விஷயம் கேள்விப்பட்டு உறவுக்காரர்கள் வந்தார்கள். பெரியப்பா காபித் தம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னார். "ஒண்ணுமில்லாததப் படிக்கப் போனா ஒண்ணுமில்லாமத்தான் வரும். நான் அன்னைக்கே டீச்சர் வேலைக்குப் படிக்க வைன்னேன்."

உங்கள் அம்மா விடவில்லை. "மாமா, உங்க பையன் எல்லாம் இருக்கறதத்தான் படிச்சான். என்னத்தக் கொண்டாந்தான்?"

"அட, கோவிச்சுக்காத. ஒரு கல்யாணத்தப் பண்ணி வெய்யி, எல்லாம் சரியாப் போயிரும்."

"மொதல்ல சாப்பிட வெக்கோணும். அதுக்கு வழி இருந்தாச் சொல்லுங்க."

பெரியப்பா தம்ளரைப் பார்த்தார். காபி ஆறிப்போயிருந்தது, அதைக் குடித்துவிட்டுப் போனார்.

அம்மா அவளை மந்திரிக்கக் கூட்டிப் போனாள். பூசாரி வேப்பிலை வீசி, திருநீறு போட்டு, எலுமிச்சம்பழத்தைத் தலை சுற்றிக் கொடுத்தார். அந்தப் பழத்தை அவள் கையில் வைத்துக்கொண்டே வீடு வரை வந்தாள். கையிலிருந்து வாங்கப் போனால் கொடுக்கவில்லை. ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறாளே என்று அதற்கே எங்களுக்கு ஆறுதலாக இருந்தது. எங்கள் நிலைமை அவ்வளவுதான் அப்போது.

பிறகு அஸ்தம்பட்டியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் காட்டினோம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். "தனியா விடாதீங்க. பேசு பேசுன்னு நச்சரிக்காதீங்க. பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏதாவது சின்ன வேலை குடுங்க" என்றார். வீட்டில் என்ன வேலை? அம்மா காய் நறுக்கச் சொல்ல மாட்டாள். கத்தியை எல்லாம் அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அதனால் நான் வண்டியில் கூட்டிப் போகிறேன் என்றேன்.

என் வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். கொண்டப்பநாயக்கன்பட்டி அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சிமெண்ட், செங்கல், காய்கறி, எது கிடைத்தாலும் ஏற்றும் குட்டி யானை. மலை வண்டிக்கு கிளீனர் இருந்தால் நல்லது. ஏற்றத்தில் வண்டி நின்றால் உடனே குதித்து இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். அதற்கென்றே ஒரு கருங்கல் துண்டு, கிளீனர் கால் வைக்கும் இடத்தில் கிடக்கும். மலை ஏறுகிற டிரைவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள். "டேய், கல்லு!" கெட்ட வார்த்தையும் கூடவே வரும். எனக்குப் பல காலமாகக் கிளீனர் கிடையாது.

உங்கள் அக்கா அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். கல் அவள் காலடியில் கிடந்தது. நிற்கும் இடம் வந்தால், "கல்லு வெச்சிரு சாமி" என்று மெதுவாகச் சொல்வேன். இறங்கி வைப்பாள். திரும்ப எடுத்துக்கொண்டு ஏறுவாள். பேச்சு இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வருவாள். ஆனால் என்ன பார்க்கிறாள் என்று தெரியாது.

அவளுக்குக் கேட்கட்டும் என்று நான் பேசிக்கொண்டே ஓட்டுவேன். மலையைப் பற்றி, மற்ற டிரைவர்களைப் பற்றி. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு வண்டியைச் சும்மா விடுகிற ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். ஏறும்போது குடித்த டீசலை இறங்கும்போது மலையிடமிருந்து திரும்ப வாங்கிவிடலாம் என்று அவர்களுக்கு எண்ணம். கடைசியில் பிரேக் காய்ந்து, வளைவில் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கு என்பதுதான் மலைக்குச் சட்டம். இதையெல்லாம் அவளிடம் சொல்வேன். அவள் மடியில் இரண்டு கையும் சும்மா கிடக்கும்.

அடிவாரத்தில் ஏறுவதற்கு முன் ஒரு டீ குடிப்பது வழக்கம். டீக்கடைக்காரர் வேடிக்கையான ஆள். "என்னுங்க டிரைவரே, புது கிளீனர் நம்மளவிடப் படிச்சவங்களாட்ட இருக்குது?" என்றார். அவள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். காதில் விழும் தூரம்தான்.

"எம் பொண்ணுங்க. ஆராய்ச்சி படிக்குது."

"என்ன ஆராய்ச்சிங்க? கோழியா, மரவள்ளியா?"

நம் பக்கத்தில் ஆராய்ச்சி என்றால் அந்த இரண்டுதான். எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. எனக்குப் புரிந்த மட்டில் சொன்னேன்.

"வானத்துல பெரிய பெரிய வெத்திடம் இருக்குதுங்க. பள்ளமாட்ட. வெளிச்சம் வந்து அதுக்குள்ள உழுந்துருது. உழுந்து, ஏறி வர முடியாமத் தத்தளிச்சு, குளுந்துபோய் வெளிய வருது. அந்தக் குளிரத்தான் எம் பொண்ணு படிக்குது."

"கெணத்துல உழுந்த ஆடாட்டம்."

"ஆமாங்க, அதேதான்."

"அப்பச் சரி. நம்மூர்ல இல்லாத பள்ளமா" என்று சொல்லி டீயை ஆற்றினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று. ஒன்றும் இல்லை.

மறுநாள் முழுப் பாரம் சிமெண்ட். காலையிலிருந்து மலை மேல் மூடுபனி கட்டியிருந்தது. பாதி மலை ஏறுவதற்குள் ரேடியேட்டர் சூடாகிவிட்டது. ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டினதும் தண்ணீர் ஊற்ற நிறுத்தினேன். அங்கே கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம்தான். அதற்கு அப்பால் பனி, பனிக்குக் கீழே சேலம்.

என் வண்டியின் ஹேண்ட் பிரேக் அப்போது தளர்ந்துபோயிருந்தது. அந்தப் பாரத்துக்குக் கியரில் போட்டாலும் மெதுவாக நழுவும். கல் வைத்தால்தான் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியும். கண்ணாடியில் பார்த்தேன். கீழ் வளைவில் ஏதோ சுற்றுலா வண்டியை நிறுத்திவிட்டுக் குழந்தைகள் குரங்குகளுக்குக் கடலை போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வண்டிக்கு நேர் கீழே.

"கல்லு வெச்சிரு சாமி" என்றேன்.

அவள் கதவைத் திறந்தாள். இறங்கினாள். கல்லை எடுக்கவில்லை.

வண்டிக்குப் பின்னால் போகவில்லை. நேராகச் சுவர்ப் பக்கம் நடந்தாள்.

"சாமி" என்றேன். திரும்பவில்லை. "அம்மிணி, இங்க பாரு. அப்பாவப் பாரு." திரும்பவில்லை. சுவர்கிட்டே போய் நின்றாள். ஒரு கையைச் சுவர் மேல் வைத்தாள். பனி அவள் இடுப்பு வரை மறைத்தது.

கண்ணுகளா, இதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் கால் பிரேக்கில் இருக்கிறது. எடுத்தால் வண்டி பின்னால் போகும். கீழே யாரோ பெற்ற பிள்ளைகள். எடுக்காவிட்டால் நான் பெற்ற பிள்ளை அங்கே. நடுவில் எட்டி நடந்தால் போதும் என்கிற தூரம்தான், என்னால் போக முடியவில்லை. தொடை வெட்டி வெட்டி ஆட ஆரம்பித்தது. இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கின் மேல் வைத்து அழுத்தினேன். ஹாரன் அடிக்கலாம் என்று நினைத்தேன். அவள் திடுக்கிட்டால்? குலசாமியைக் கூப்பிட வாயைத் திறந்தேன், பெயரே மறந்துவிட்டது.

அவள் இன்னொரு கையையும் சுவர் மேல் வைத்தாள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. இந்த மலையில் எல்லா டிரைவரும் கத்துவது போல, அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"டேய் கிளீனர்! என்னடா வேடிக்கை பாக்கற? கல்லு வைடா!"

பெற்ற மகளை ஒரு நாளும் 'டா' போட்டு அப்படிக் கூப்பிட்டதில்லை. என் குரல் எனக்கே வேறு யாரோ கத்தியதாகக் கேட்டது.

அவள் திரும்பினாள். என்னைப் பார்த்தாள், பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். வண்டி அதற்குள் ஒரு சாண் நழுவியிருந்தது. அவள் ஓடி வந்தாள். கதவுக்குள் குனிந்து இரண்டு கையாலும் கல்லைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். கல் சக்கரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. வண்டி அதன் மேல் சாய்ந்து நின்றது.

"வெச்சாச்சு" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

ஒரு மாசத்துக்கு மேலாகக் கேட்காத குரல். கரகரவென்று, சளி பிடித்த மாதிரி.

நான் இறங்கினேன். வண்டியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனேன். அவள் சக்கரத்தின் பக்கத்தில் ரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நானும் உட்கார்ந்தேன். என் கை அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டது. அதை விடுவதற்கு எனக்குத் துணிவில்லை. முன்னால் ரேடியேட்டர் உஸ்ஸென்று கொதித்துக்கொண்டிருந்தது. கீழே குழந்தைகள் குரங்கைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஒரு பஸ் எங்களை ஒதுங்கிக் கடந்து போனது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னண்ணா, வண்டி படுத்துருச்சா?" என்றார். கையை மட்டும் ஆட்டினேன்.

பஸ் வளைவில் மறைந்ததும் அவள் சொன்னாள். "பள்ளமில்லீங்கப்பா."

"என்ன சாமி?"

"நேத்து டீக்கடைக்காரர்கிட்டச் சொன்னீங்கல்ல, வெத்திடம்னா பள்ளம், வெளிச்சம் உள்ள உழுந்துருதுன்னு. அது தப்பு. அது மேடு."

ஒன்றுமே இல்லாத இடம் எப்படி மேடாகும்? எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் பேசுகிறாள். பேசட்டும் என்று கேட்டேன். "மேடா? அதெப்படி?"

"பள்ளம்னா எது? எடை நெறைய இருக்கற எடம். அதுதான் இழுக்கும். ஒண்ணுமே இல்லாதது எதை இழுக்கும்? சுத்தி இருக்கறதெல்லாம் வெளிப்பக்கம் இழுக்குது. அதை மீறித்தான் வெளிச்சம் உள்ள போகோணும். அப்ப அது ஏறுதா, எறங்குதா?"

"ஏறுது."

"ஏறுனா?"

"டீசல் ஆகும்."

"வெளிச்சத்துக்கு டீசல் ஏதுங்கப்பா? அதோட சூடுதான் செலவு. நடுவு தாண்டுனதும் அந்தப் பக்கம் எறங்குது. எறங்கும்போது செலவானது திரும்பக் கெடைக்கும். நியூட்ரல்காரங்க நெனைக்கறாங்கன்னு சொன்னீங்களே, அது மாதிரி. வெளிச்சத்துக்கு அது நெசம்."

"அப்ப ஏறுனதுக்கு எறங்குனது சரியாப் போச்சே. குளிரு எங்கிருந்து வருது?"

அவள் சக்கரத்துக்கு வைத்த கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மேடு அப்படியே நின்னாச் சரி. நிக்கறதில்ல. உலகம் விரியுது, வேகம் கூடிக்கூடி விரியுது. வெளிச்சம் தாண்டறதுக்குப் பல கோடி வருசம் ஆகுதில்ல, அதுக்குள்ள மேடு தணிஞ்சுபோயிருது. ஏறும்போது பெரிய மேடு. எறங்கும்போது சின்ன மேடு."

"நான் ஏற்காட்டுல சிமெண்ட எறக்கிக்கிட்டு இருக்கும்போதே மலை பாதி உள்ள போயிட்டாப்பல."

"ஆமாங்கப்பா."

"அப்ப ஏத்தத்துக்குக் குடுத்ததுல மிச்சம்?"

"போனது போனதுதான். அந்தக் கொறைதான் குளிராத் தெரியுது."

நான் கொஞ்சம் யோசித்தேன். கேட்கக் கூடாதோ என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அது நெசமாவே இருக்குதா சாமி, அந்தக் குளிரு?"

"இருக்கோணும். கணக்குப்படி இருக்கோணும். ரொம்ப ரொம்பச் சின்னதா." வாய் கோணியது. "நான் பாத்தது அது இல்லீங்கப்பா. நான் பாத்தது அது இல்ல."

அப்போதுதான் அழுதாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீரும் பார்க்கவில்லை நாங்கள். சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு, சிமெண்ட் தூசியும் கண்ணீரும் முகமெல்லாம் ஒழுக, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். நான் துப்பட்டா நுனியை விடாமல் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் ஏறினது அவள், மலை உள்ளே போனது அவள் காலுக்குக் கீழே. எட்டாவது படித்த அப்பன் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

பிறகு தண்ணீர் ஊற்றினோம். அவள்தான் கேனைப் பிடித்தாள். மேலே போய்ப் பாரத்தை இறக்கிவிட்டு, ஏறின கியரிலேயே இறங்கி வந்தோம். அடிவாரத்தில் டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை. நேராக வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விட்டால் போதும் என்று இருந்தது.

அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் திரும்பவும் பேசவில்லை. அதற்கு மறுநாள் அம்மாவிடம் ரசத்தில் உப்பு இல்லை என்றாள். அம்மா அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். நீங்கள் திரும்பி வந்தபோது அவள் உங்களோடு கொஞ்சம் பேசினாள், பாதி நாள் பேசவில்லை. தாழ்ப்பாளை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் மாட்டினேன். மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள். திரும்பப் போய்ச் சேர்ந்த பிறகும், போனில் அவள் பேச்சு ஒரு நிமிஷம் நின்றால் அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன். இப்போதும் அவள் அதே வெற்றிடங்களைத்தான் அடுக்குகிறாள். வட்டத்தின் அளவை முதலிலேயே முடிவு செய்துவிட்டு, பிறகுதான் படத்தைத் திறக்கிறாளாம். ஏதாவது தெரிகிறதா என்று நான் கேட்பதில்லை. ஒரு தடவை அவளே சொன்னாள். "இருக்கற மாதிரியும் இருக்குது, இல்லாத மாதிரியும் இருக்குதுங்கப்பா." அதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. எனக்கு அதுதான் காதில் விழுந்தது.

அன்றைக்கு அந்தச் சுவர்கிட்டே எதற்குப் போனாள் என்று நான் கேட்டதில்லை. பனியைப் பார்க்கத்தான் போனாளோ என்னவோ. அவள் சொன்னதும் இல்லை. நீங்களும் கேட்காதீர்கள். அவள் ஊருக்கு வந்தால், எப்படி இருக்கிறாய் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல், ஏதாவது ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். சைக்கிளுக்குக் காற்று அடிக்க, தண்ணீர்க் குடம் தூக்க, எதற்காவது. சின்னவளே, நீ அதட்டியே கேட்கலாம், உன்னிடம் கோவிக்க மாட்டாள்.

ஹேண்ட் பிரேக்கை அந்த வாரமே மாற்றிவிட்டேன். புதுக் கேபிள். முழுப் பாரத்தோடு செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தினாலும் அசையாது. ஆனாலும் அந்த வளைவைத் தாண்டும்போது, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, என் வலது கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடுகிறது. பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான். "ஏப்பா, தூங்கறியா?" என்று கத்திக்கொண்டே ஒதுங்கிப் போவான். அப்புறம்தான் காலை எடுக்கிறேன். கல் இன்னும் கிளீனர் பக்கம்தான் கிடக்கிறது.